கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழுவா? மருந்து அடிக்காதீங்க... ஒரே மாதத்தில் வாசலில் பட்டாம்பூச்சி பறக்கும்!

திண்டுக்கல்:

மழை இரண்டு தடவை பெய்தால் போதும். தொட்டியில் வாடிக் கிடந்த கறிவேப்பிலைச் செடி தளதளவென்று கொழுந்து விட்டு நிற்கும். "ரசத்துக்கு இனி கடைக்குப் போக வேணாம்" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக் கொழுந்தைக் காணோம். நடுக்காம்பு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நிற்கும். இலையோடு இலையாக ஒட்டிக் கிடக்கும் சுண்டுவிரல் நீளப் பச்சைப் புழுதான் காரணம்.

உடனே என்ன செய்கிறோம்? செருப்பை எடுக்கிறோம். இல்லையென்றால் கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற ஸ்பிரேயை எடுத்து செடி மேலேயே அடிக்கிறோம். மறுநாள் அதே செடியில் மிச்சம் இருக்கிற இலையைக் கிள்ளித் தாளிக்கிறோம். புழுவுக்கு அடித்த விஷம் நம்ம குழம்புக்கே வந்து சேருகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

அந்தப் புழு யார் என்று தெரிந்தால் செருப்பை எடுக்க மனசு வராது. இன்னும் 3 வாரம் விட்டால் அதுதான் கருப்பு வெல்வெட் துணியில் வெள்ளைப் பொட்டு வைத்தது மாதிரி வாசலில் பறக்கப் போகிற பட்டாம்பூச்சி!

செய்தியாளர் வீட்டிலேயே நடந்த கதை

இது ஊரார் கதை இல்லை. போன ஐப்பசியில் இந்தச் செய்தியாளர் வீட்டில் நடந்தது. மாடிப்படி ஓரம் பழைய பெயிண்ட் டப்பாவில் வைத்த ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி. அதில் 7 புழுக்கள். அம்மா பார்த்தார். ஒன்று செருப்பில் போய்விட்டது. அடுத்து ஸ்பிரே டப்பாவைத் தேடினார்.

இரண்டாவது படிக்கும் மகள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "பாட்டி, பட்டாம்பூச்சி புழுவா இருந்துதான் வரும்னு டீச்சர் சொன்னாங்க. இது அதுதானோ என்னவோ?" என்று கேட்டாள். "பட்டாம்பூச்சி பூவுல வரும்டி, புழுவுலயா வரும்?" என்றார் அம்மா. பந்தயம் அப்படித்தான் ஆரம்பித்தது. 2 புழுவைச் செடியிலேயே விட்டோம். 4 புழுவை ஊறுகாய் ஜாடிக்கு மாற்றினோம். என்ன ஆச்சு என்பதைப் பிறகு சொல்கிறோம்.

காலால் ருசி பார்க்கும்!

கறிவேப்பிலையில் வரும் புழு பெரும்பாலும் இரண்டு வகைப் பட்டாம்பூச்சியின் குட்டிதான். ஒன்று, கருப்பு உடம்பும் வால் வைத்த இறக்கையுமாகப் பறப்பது. இதற்குத் தமிழில் கறிவேப்பிலை அழகி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, கருப்பில் மஞ்சள் திட்டுத்திட்டாக இருக்கும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் செடி இனத்தில் ஒரே குடும்பம். அதனால் இந்த வீட்டுப் பிள்ளை அந்த வீட்டிலும் வளரும்.

தாய்ப் பட்டாம்பூச்சி தேன் குடிப்பதற்கு எந்தப் பூவுக்கும் போகும். ஆனால் முட்டை வைக்கக் கண்ட செடிக்குப் போகாது. இலை மேல் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். பட்டாம்பூச்சிக்கு ருசி தெரிவது காலில்தான். "இது என் பிள்ளை சாப்பிடுற இலை" என்று உறுதியானால்தான் முட்டை வைக்கும். அதுவும் ஒரே இடத்தில் கொட்டாமல், கடுகை விடச் சிறியதாக, ஒவ்வொன்றாகக் கொழுந்தில் ஒட்டிவிட்டுப் போகும்.

30 நாள் கணக்கு

நம்ம ஊர் வெயிலுக்கு முட்டை பொரிய சுமார் 3 முதல் 5 நாள். புழுவாக 2 முதல் 3 வாரம். கூட்டுப்புழுவாக 8 முதல் 12 நாள். ஆக, முட்டையில் இருந்து இறக்கை வரைக்கும் ஏறக்குறைய ஒரு மாதம்.

புழு வளர வளரப் பழைய தோல் பத்தாது. சட்டையைக் கழற்றுவது மாதிரி 4 தடவை தோல் உரிக்கும். முதல் பருவங்களில் அது பச்சையே கிடையாது. பழுப்பும் வெள்ளையுமாக, அசல் காக்கா எச்சம் மாதிரி இருக்கும். எச்சத்தை எந்தக் குருவியாவது கொத்துமா? உயிர் பிழைக்க அது போடும் வேஷம் அது.

கடைசித் தோல் உரித்த பிறகுதான் பச்சை நிறம் வரும். அது மொத்தமாகத் தின்னும் இலையில் பெரும்பங்கு இந்தக் கடைசிச் சில நாளில்தான் போகும். அதனால்தான் "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா மொட்டை அடிச்சிருச்சு" என்கிறோம்.

பச்சைப் புழுவைச் சும்மா தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் இருந்து சிவப்பாக இரண்டு கொம்பு வெளியே வரும். ஒரு மாதிரி காட்டமான வாடையும் அடிக்கும். பயப்பட வேண்டாம். கொட்டாது, கடிக்காது. எறும்பையும் குருவியையும் விரட்ட வைத்திருக்கும் ஆயுதம் அது.

கம்பளிப்பூச்சி வேற... இது வேற!

"புழுவைத் தொட்டா உடம்பெல்லாம் தடிச்சிரும்" என்று பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் முருங்கை இல்லாத ஊர் குறைவு. மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் கொத்துக்கொத்தாக அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி பட்டால் ஊறல் எடுக்கும், தோல் தடிக்கும். ஆனால் அது பட்டாம்பூச்சியின் குட்டி இல்லை. ராத்திரியில் விளக்கைச் சுற்றும் விட்டில் பூச்சி இனத்தின் குட்டி.

கணக்கு சுலபம். உடம்பு முழுக்க மயிர் அடர்ந்திருந்தால் கை வைக்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். கறிவேப்பிலையில் வழுவழுவென்று பச்சையாக இருந்தால் பயம் வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சின்னாளப்பட்டி பக்கம் போனால் பட்டு என்ற பேச்சு இல்லாமல் இருக்காது. பட்டு நூல் தரும் புழுவும் விட்டில் இனம்தான். அது தன்னைச் சுற்றி நூலால் கூடு கட்டும். பட்டாம்பூச்சிப் புழு நூல் கூடு கட்டாது. கடைசித் தோலை உரித்ததும் உள்ளே இருக்கும் புதுத் தோலே கூடாக இறுகிவிடும்.

ஊறுகாய் ஜாடி போதும்

வீட்டில் வளர்க்கத் தோட்டம் வேண்டாம், காசும் வேண்டாம். வாய் அகலமான ஒரு ஜாடி அல்லது பிளாஸ்டிக் டப்பா, பழைய கொசுவலைத் துண்டு, ரப்பர் பேண்டு. அவ்வளவுதான்.

* புழுவைக் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. அது இருக்கும் இலையோடு கிள்ளி உள்ளே வைக்கவும்.
* எந்தச் செடியில் இருந்ததோ அதே செடியின் இலையைத்தான் தினமும் புதிதாகப் போட வேண்டும். முட்டைக்கோஸ், கீரை எல்லாம் போட்டால் பட்டினி கிடந்து சாகும்.
* இலையில் ஈரம் சொட்டக் கூடாது. அடியில் சேரும் எச்சத்தைத் தினமும் கொட்டிச் சுத்தம் செய்யவும். ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் நோய் வரும்.
* வெயில் நேராக விழும் இடத்திலும், எறும்பு ஏறும் இடத்திலும் வைக்காதீர்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே ஜாடியை வைத்தால் எறும்பு வராது.
* ஒரு ஜாடிக்கு 3 அல்லது 4 புழு போதும். நெருக்கினால் நல்லதில்லை.
* உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வைக்கவும். கூடு கட்டவும், பிறகு இறக்கை விரிக்கவும் அது வேண்டும்.

ஒரு நாள் புழு திடீரென்று சாப்பாட்டை நிறுத்தும். தண்ணியாகக் கழியும். நிலை கொள்ளாமல் ஜாடி முழுக்கச் சுற்றும். செத்துப்போகப் போகிறது என்று பதறாதீர்கள். கூடு கட்ட இடம் தேடுகிறது. பிறகு குச்சியில் வாலை ஒட்டிக்கொண்டு, தென்னை மரம் ஏறுகிறவர் இடுப்பில் கயிறு போடுவது மாதிரி உடம்பைச் சுற்றி ஒரே ஒரு நூலைப் போட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கும். மறுநாள் பார்த்தால் கூட்டுப்புழு. சுற்றி இருப்பது பச்சை இலையென்றால் பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியென்றால் பழுப்பாகவும் இருக்கும்.

கூட்டின் நிறம் மாறி உள்ளே இறக்கை நிழல் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. பெரும்பாலும் காலையில்தான் வெளியே வரும். வரும்போது இறக்கை கசங்கின துணி மாதிரி இருக்கும். தலைகீழாகத் தொங்கி, உடம்பில் இருக்கும் நீரை இறக்கைக்குள் செலுத்தி விரிக்கும். இந்த நேரத்தில் தொட்டால் ஆயுசுக்கும் பறக்க முடியாது. சிவப்பாகவோ பழுப்பாகவோ சில சொட்டு நீர் விழும். அது ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறக்கை காய்ந்துவிடும். அப்புறம் வலையை எடுத்து விட்டுவிட வேண்டும். வளர்ப்பதற்காக அடைத்து வைக்கக் கூடாது.

பாட்டிக்கு வந்த சந்தேகம்

சரி, நம்ம 6 புழு என்ன ஆச்சு? செடியில் விட்ட 2 புழுவும் ஒரு வாரத்தில் காணோம். கொண்டைக்குருவி அந்தப் பக்கம் சுற்றியதைப் பார்த்தோம். மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

ஜாடியில் இருந்த நாலும் வளர்ந்தன. செடியில் இலை தீர்ந்தது. ஒரு நாள் கடையில் 5 ரூபாய்க்கு வாங்கிய கறிவேப்பிலையைப் போட்டோம். மறுநாள் காலையில் ஒரு புழு சுருண்டு கிடந்தது. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க நம்மிடம் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் அம்மா அந்தப் புழுவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். "அதே இலையைத்தானே நேத்து சட்னிக்கும் போட்டேன்" என்றார்.

மீதி 3 கூடு கட்டின. ஒரு கூட்டில் குண்டூசித் துளை விழுந்து, பொடிப்பொடியாகக் குளவிகள் வெளியே வந்தன. பட்டாம்பூச்சிக் கூட்டுக்குள் முட்டை வைத்து அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி அது. பட்டாம்பூச்சி ஊரையே மொய்த்துவிடாமல் இயற்கை வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

கடைசியில் தேறியது 2. முதலில் வந்தது கருப்பில் வெள்ளைப் பட்டை. ஆண். இரண்டாவதாக வந்ததைப் பார்த்து வீடே திகைத்தது. இறக்கையில் ரத்தச் சிவப்பில் புள்ளிகள்! "இது நம்ம செடிப் புழு இல்ல, வேற எதுவோ உள்ள புகுந்திருச்சு" என்றார் அம்மா.

வேறு எதுவும் இல்லை. அதுவும் கறிவேப்பிலை அழகியேதான். பெண்!

விஷக்காரி வேஷம்

நம்ம பக்கத்துத் தரிசு நிலங்களில் ஆடுதீண்டாப்பாளை என்று ஒரு செடி தரையோடு படர்ந்து கிடக்கும். பெயரே சொல்கிறது, ஆடுகூட வாய் வைக்காத விஷச் செடி. அதைத் தின்று வளரும் சிவப்புப் புள்ளிப் பட்டாம்பூச்சி இனங்கள் உண்டு. அந்த விஷம் அவற்றின் உடம்பிலும் தங்கிவிடும். ஒரு தடவை கொத்திய குருவி மறுபடி சிவப்புப் புள்ளி பக்கமே போகாது.

கறிவேப்பிலை தின்று வளர்ந்த நம்ம ஆளுக்கு விஷம் கிடையாது. அதனால் பெண் பட்டாம்பூச்சிகளில் பல, அந்த விஷக்காரியைப் பார்த்து அப்படியே வேஷம் போட்டுக்கொள்கின்றன. ஆணைப் போலவே இருக்கும் பெண்ணும் உண்டு. ஒரே செடியில் வளர்ந்த அக்கா தங்கை வேறு வேறு சேலையில் வருவது இதனால்தான். இந்த வேஷத்துக்கு ஒரே ஒரு மரபணு காரணம் என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குந்தே உள்ளிட்ட விஞ்ஞானிகள் 2014-ல் கண்டுபிடித்து அறிவித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. உலகமே ஆராயும் அதிசயம் நம்ம பெயிண்ட் டப்பாவில்தான் நடக்கிறது.

புழுவில் இருந்து பட்டாம்பூச்சி வருமா என்ற பாட்டியின் சந்தேகமும் பழசுதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பூச்சிகள் சேற்றில் இருந்து தானாகப் பிறக்கின்றன என்று நம்பினார்கள். ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்ற பெண்மணி, 13 வயதில் இருந்தே வீட்டில் புழு வளர்த்துப் பார்த்தார். எந்தப் புழு, எந்தச் செடி, எந்தப் பூச்சி என்று படமாக வரைந்து 1679-ல் புத்தகம் போட்டார்.

எருக்கு, அரளியிலும் தேடுங்க

கறிவேப்பிலை இல்லாத வீட்டுக்காரர்கள் ஏமாற வேண்டாம். காலி மனையில் நிற்கும் எருக்கஞ்செடியில் பாருங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு இருக்கும். அது வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியாகும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் பிள்ளைகளை இலையைக் கிள்ள விடாமல் தூர நின்று பார்க்க வையுங்கள்.

பூ மார்க்கெட்டுக்குப் போகும் அரளியிலும் ஒரு அதிசயம் உண்டு. அதில் வளரும் வெண்புள்ளிக் கருப்பனின் கூடு, துலக்கி வைத்த வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கும். அரளியும் விஷச் செடிதான், கையைக் கழுவ மறக்காதீர்கள். ஆவாரையிலும் சரக்கொன்றையிலும் மஞ்சள் பட்டாம்பூச்சி, ஆமணக்கில் பழுப்புப் பட்டாம்பூச்சி, நெட்டிலிங்கத்தில் பச்சைப் புள்ளிப் பட்டாம்பூச்சி என்று ஆளுக்கொரு வீடு இருக்கிறது.

பெரிய பட்டாம்பூச்சிக்குத் தேன் வேண்டும். இட்லிப்பூ, செம்பருத்தி, நித்தியகல்யாணி என்று ஒரு தொட்டி வைத்தால் போதும். பூவை மட்டும் வைத்தால் விருந்தாளியாக வந்து போகும். புழுவுக்கு இலையும் வைத்தால்தான் நம்ம வீட்டுப் பிள்ளையாகும்.

திருச்சியில் அரசே செய்தது

திருச்சி ஸ்ரீரங்கம் அருகே மேலூர் பகுதியில் மேலணை காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் வனத்துறை வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அமைத்திருக்கிறது. 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கே பட்டாம்பூச்சியை வெளியில் இருந்து பிடித்து வந்து நிரப்பவில்லை. தேன் செடியையும் புழு தின்னும் செடியையும் சேர்த்து நட்டார்கள், அதுவே தேடி வந்தது. புழு வளர்க்கத் தனி ஆய்வுக்கூடமும் உண்டு. நாம் ஜாடியில் செய்வதைத்தான் அவர்கள் பெரிய அளவில் செய்கிறார்கள்.

2019-ல் தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியைத் தமிழக அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அது மலைக்காட்டு இனம், நம்ம தெருவுக்கு வராது. தெருவுக்கு வருகிறதையாவது காப்பாற்றுவோமே!

அப்போ செடி வீணாகாதா?

நியாயமான கேள்விதான். முழங்கால் உயரம்கூட இல்லாத கன்று என்றால் புழு மொட்டை அடித்துவிடும். எலுமிச்சை நாற்று போடும் விவசாயிக்கு இது நிஜமான நஷ்டம். அந்த இடத்தில் புழுவைக் கையால் பொறுக்கி எடுப்பதுதான் முதல் வழி.

ஆனால் வேர் பிடித்து நிற்கும் வீட்டுச் செடிக்கு ஒன்றும் ஆகாது. கறிவேப்பிலைத் தோட்டக்காரரே கிளையோடு வெட்டித்தான் அறுவடை செய்கிறார். வெட்ட வெட்டத் துளிர்க்கும் செடி அது. நம்ம வீட்டுப் பெயிண்ட் டப்பாச் செடியும் கார்த்திகையில் மறுபடி துளிர்த்தது. 2, 3 புழுவை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை ஜாடிக்கு மாற்றினால் இலையும் மிஞ்சும், பட்டாம்பூச்சியும் கிடைக்கும்.

ஸ்பிரே மட்டும் வேண்டாம். கரப்பானுக்கு அடிக்கும் மருந்து, சாப்பிடும் இலைக்குத் தயாரித்தது இல்லை. இந்தியக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று ஐரோப்பிய நாடுகள் தனியாகச் சோதித்து எடுத்த வரலாறு உண்டு. கடையில் வாங்கும் கறிவேப்பிலையைப் புளித் தண்ணீரில் ஊறவைத்து அலசச் சொல்லி கேரள வேளாண் பல்கலைக்கழகமே யோசனை சொல்லியிருக்கிறது. வெளியூருக்குப் போகும் இலைக்கே இவ்வளவு கவலை என்றால், நம்ம பிள்ளை தட்டில் விழும் இலைக்கு நாமே மருந்து அடிக்கலாமா?

புழு கடித்த ஓட்டை இருக்கிற இலை என்றால் ஒரு விஷயம் நிச்சயம். அதைத் தின்ற ஒரு உயிர் பிழைத்திருக்கிறது!

இப்போது அம்மா வீட்டில் ஸ்பிரே டப்பா செடி பக்கம் வருவதில்லை. காலையில் கறிவேப்பிலை கிள்ளப் போகும்போது இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பேத்தியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு மூணு இருக்குடி" என்று கணக்கு சொல்கிறார். பந்தயத்தில் தோற்றது அவர்தான். ஆனால் அதிகம் சந்தோஷப்படுகிறவரும் அவர்தான்!